ஒன்பதாவது திருகாணி

அத்தியாயம் ஏழு

“எட்டு கறுப்பு, ஒண்ணு வெள்ளை,” என்றாள் பட்டாசு. “உங்க தலையை அப்படியே மாத்திப் போட்ட மாதிரி இருக்கு சார்.”

துப்பறிவாளர் மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்த லேப்டாப்பின் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது திருகாணிகள். மூலையில் ஒன்றின்மேல் ஒட்டியிருந்த அச்சகத்தின் முத்திரைக் காகிதம் இரண்டாகக் கிழிந்திருந்தது. அதற்கு நேர் எதிர் மூலையில்தான் அந்த ஒற்றை வெள்ளைத் தலை.

எல்லோரும் அவரை நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருடம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு விபத்து விசாரணை அறிக்கை எழுதிக் கொடுத்ததில் ஒட்டிக்கொண்ட பெயர். ஓய்வு பெற்ற மறுமாதமே தனியாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தார். திறந்த நாளிலிருந்து மூடிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். மூடாததற்கு ஒரே காரணம் பட்டாசு. அவளை வேலையை விட்டு அனுப்புவதற்கு வேண்டிய தெம்பு அவரிடம் இல்லை.

“உக்காருங்க சார். முட்டி கத்துறது இங்க வரைக்கும் கேக்குது.”

உட்கார்ந்தார். மணி இரண்டு பத்து.

விஷயம் இதுதான். அந்த அச்சகம் பரீட்சை வினாத்தாள்கள் அடிக்கும் இடம். போன வெள்ளிக்கிழமை, இன்னும் நடக்காத பரீட்சையின் அறிவியல் தாள், பிள்ளைகளின் கைபேசிகளில் ஊர் சுற்றத் தொடங்கியது. அந்தத் தாளில் பதினேழாம் கேள்வி இரண்டு முறை வந்திருந்தது. திருத்துவதற்கு முந்தைய அந்தப் பிழை ஒரே ஒரு மெஷினில்தான் இருந்தது. இதோ, மேசைமேல் கவிழ்ந்து கிடக்கும் இந்த மெஷினில்.

மெஷினுக்கு உரியவள் எதிரே நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தாள். பதினெட்டு வருடமாக இங்கே எழுத்தையும் படத்தையும் அடுக்கிப் பக்கம் கட்டுகிறவள். எதையும் எழுதி வைக்கும் பழக்கத்தால் அவளுக்கு டைரி அக்கா என்று பெயர். முத்திரையைத் தானே கிழித்ததாக அவள் ஒப்புக்கொண்டாள். ரேம் என்கிற மெமரி அட்டையைப் போடுவதற்காகத் திறந்தேன் என்றாள். எட்டு ஜிபியோடு வந்த மெஷினில் இன்னொரு எட்டு சேர்த்தேன், பதினாறு ஆயிற்று என்றாள். மேனேஜர் மெஷினைப் போட்டுப் பார்த்தார். எட்டு என்று காட்டியது.

“போட்ட ரேம் எங்கே?” என்று கேட்டார் மேனேஜர். ரேம் போடவில்லை என்றால் எதற்குத் திறந்தாள்? பென் டிரைவ் ஏறாத மெஷின்; கோப்புகள் இருக்கும் டிஸ்க்கைக் கழற்றி நகல் எடுக்கத்தானே?

நாலு மணிக்குக் கடைசி விசாரணை. அதற்குள் வேறு பதில் கிடைக்காவிட்டால் போலீசுக்குப் புகார் போகும். ரகசிய வேலை செய்யும் எந்த அச்சகமும் இனி அவளை வாசல்படி ஏற விடாது. அவளுக்கு வேறு வேலை தெரியாது. அவளேதான் துப்பறிவாளருக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதி வரவழைத்திருந்தாள், பத்திகளுக்கு எண் போட்டு.

“முதல்லேருந்து சொல்லுங்க,” என்றார் நிதானம். “ரேம் போடணும்னு ஏன் தோணிச்சு?”

“மெஷின் இழுத்துது சார். ஒரு பக்கம் திறக்கறதுக்குள்ள நான் கண்ணாடியைக் கழட்டி, துடைச்சு, மாட்டிடுவேன். டெக்னீஷியன்கிட்ட கேட்டேன். எழுதிக் குடுங்கன்னார். குடுத்தேன். ஆறு மாசம் ஆச்சு.”

“எவ்வளவு ரேம் வேணும்னு யாரைக் கேட்டீங்க?”

“மெஷினையே கேட்டேன்.”

பட்டாசு நிமிர்ந்து உட்கார்ந்தாள். “பேசிச்சா?”

டைரி அக்கா சிரிக்கவில்லை. நீளமான நோட்டுப் புத்தகத்தை விரித்து அவர் பக்கம் திருப்பினாள். ஒவ்வொரு நாளுக்கும் ஐந்து கட்டங்கள். பத்து மணி, பன்னிரண்டு, இரண்டு, நாலு, ஆறு. ஒவ்வொன்றிலும் பொடி எழுத்தில் ஓர் எண்.

“மெஷின்லயே டாஸ்க் மேனேஜர்னு ஒண்ணு இருக்கு, அதைத் திறந்தா மெமரி எவ்வளவு செலவாகுதுன்னு காட்டும். ஒரு வாரம் பாத்துப் பாத்து எழுதினேன். சும்மா இருந்தா மூணு. பக்கம் கட்டற சாப்ட்வேரைத் திறந்தா அஞ்சு. படம் போட்ட தாள் ரெண்டு சேத்துத் திறந்தா ஏழே முக்கால். இருக்கறதே எட்டுதான். ரொம்பினதும் மிச்சத்தை டிஸ்க்ல கொண்டுபோய் வைக்குது. திரும்ப அங்க போய் எடுத்துட்டு வரணும். அதுதான் இழுப்பு.”

“அதனால பதினாறு.”

“கடைக்காரர் முப்பத்திரண்டு போட்டுக்கோங்கன்னார். ஏழே முக்காலுக்கு முப்பத்திரண்டு எதுக்கு சார்? விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும். மாடல் நம்பரை வச்சு உள்ளே எத்தனை இடம், எந்த வகை ரேம், அதிகபட்சம் எவ்வளவு ஏத்துக்கும், எல்லாம் பாத்தேன். ரெண்டு இடம். ஒண்ணுல எட்டு இருக்கு, ஒண்ணு காலி. அதே வகையில இன்னொரு எட்டு வாங்கினேன்.”

“நம்ம ஆபீஸ் மெஷின்ல நாலு,” என்றாள் பட்டாசு. “ஆனைப் பசிக்குச் சோளப்பொரி. சார் ஒரு லெட்டரைத் திறந்துட்டு டீ குடிக்கப் போவார். வந்து பாத்தா ‘அன்புடையீர்’ வரைக்கும் வந்திருக்கும்.”

“பட்டாசு.”

“வெடிக்கல சார். சும்மா பொறி.”

நிதானம் பக்கத்தைப் புரட்டினார். “யார்கிட்டயாவது சொல்லிட்டுத் திறந்தீங்களா?”

“ஃபோர்மேன்கிட்ட சொன்னேன். செஞ்சுக்கோன்னார். விசாரணையிலயும் ஆமா, நான்தான் அனுமதி குடுத்தேன்னு சொன்னார்.”

“உங்களுக்காக அவ்வளவு சொன்னாரா? அவர் உங்களுக்கு...”

“கூடப் பிறந்த அண்ணன். வேலை நேரத்துல ஃபோர்மேன் மட்டும்தான்.”

தாள் வெளியான வெள்ளிக்கு முந்தைய சனிக்கிழமை சாப்பாட்டு வேளையில் திறந்திருக்கிறாள். மெஷினை நிறுத்தி, சார்ஜரைப் பிடுங்கி, அலமாரியின் இரும்பைத் தொட்டுக் கையிலிருந்த மின்சாரத்தை இறக்கி, உள்ளே பேட்டரி வயரையும் கழற்றிய பிறகே ரேமில் கை வைத்திருக்கிறாள். சாய்வாகச் சொருகி, தங்கப் பற்கள் மறையும்வரை தள்ளி, பிறகு அமுக்கியிருக்கிறாள். இரண்டு பக்கக் கவ்விகளும் டக்கென்று பிடித்தன. எல்லாம் எழுதியிருந்தது. கழற்றிய திருகாணிகள் இடம் மாறிப் போகாமலிருக்க ஒரு படமும் இருந்தது. ஒன்பது வட்டங்கள். ஒன்பதும் கறுப்பு மை.

அடுத்த வரி: சனி, 2 மணி. 16. ஓடுகிறது.

திங்கள் பதினாறு. செவ்வாய் பதினாறு. புதன்: விடுப்பு, காய்ச்சல். வியாழன் பத்து மணி: 8. மறுபடி இழுக்கிறது. பன்னிரண்டு, இரண்டு, நாலு: எட்டு, எட்டு, எட்டு. ஆறு மணிக் கட்டம் காலி.

“புதன் யாருக்குக் காய்ச்சல்?”

“அண்ணன் பொண்ணுக்கு. அண்ணிக்கு லீவு கிடைக்கல. நீ போய்க் கூட இருன்னு அண்ணன் அனுப்பினார்.”

“அன்னைக்கு மெஷின்?”

“டிராயர்ல பூட்டிட்டுத்தான் போனேன். மாத்துச் சாவி ஹால்ல ஆணியில தொங்கும். யார் வேணாலும் எடுக்கலாம்.”

நிதானம் காலிக் கட்டத்தின்மேல் விரலை வைத்தார். “வியாழன் ஆறு மணி?”

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“மறந்துட்டேன் சார்.”

அவர் மேலே கேட்கவில்லை. பட்டாசு கேட்கப் போனாள். மேசைக்கு அடியில் அவளுடைய காலை மெதுவாக மிதித்தார்.

*

மேனேஜர் முன்னிலையில் டெக்னீஷியன் மெஷினைத் திறந்தார். நடுவயதுக்காரர். பத்து அறை போட்ட பிளாஸ்டிக் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தார். ஒன்பது திருகாணிகளும் வெளியே வந்தன. அடிமூடி எழும்பியது.

“அட,” என்றார் டெக்னீஷியன்.

புது ரேம் உள்ளேயேதான் இருந்தது. ஒரு பக்கக் கவ்வி பிடித்திருந்தது, மறுபக்கம் பிடிக்கவில்லை. ரேம் ஒருக்களித்துப் படுத்திருந்தது. தங்கப் பற்களின் ஓரம் மெல்லிய கோடாகத் தெரிந்தது.

“சரியா உக்காரல. அதான் மெஷின் கண்ணுல படல,” என்று சொல்லி டெக்னீஷியன் கட்டைவிரலால் அழுத்தினார். டக். பேட்டரி வயரை மாட்டி மெஷினை உயிர்ப்பித்தார். திரையில் பதினாறு வந்தது.

டைரி அக்கா அந்த எண்ணையே பார்த்தாள். ஆனால் முகம் தெளியவில்லை. அதையும் நிதானம் கவனித்தார்.

“சரி, ரேம் இருக்கு,” என்றார் மேனேஜர். நல்ல மனிதர்தான், நாலு நாளாகச் சரியாகத் தூங்காதவர். “அரைகுறையா மாட்டியிருக்காங்க. அவ்வளவுதானே?”

“அரைகுறையா மாட்டியிருந்தா சனிக்கிழமையே பதினாறு காட்டியிருக்காது.”

“பதினாறு காட்டிச்சுன்னு யார் சொன்னா? அவங்க டைரி. டைரியை எழுதினது யாரு? அவங்க.”

“நியாயம்,” என்றார் நிதானம். அலுப்பாக டெக்னீஷியன் பக்கம் திரும்பினார். “டிஸ்க்கைக் கழட்டணும்னா என்ன செய்யணும்?”

“இந்த மாடல்ல ஒரு தொல்லை சார். டிஸ்க்கைப் பிடிச்சிருக்கற ஸ்க்ரூ இந்த ரெண்டாவது ரேமுக்கு அடியில இருக்கு. இடம் காலியா இருந்தா நேரா கழட்டிடலாம். இங்க ரேம் இருந்தா, அதை எடுத்தாத்தான் டிஸ்க்.”

“ஆக,” என்றார் நிதானம், “டிஸ்க்கை எடுத்தவங்க ரேமையும் எடுத்திருக்காங்க. திரும்ப வைக்கும்போது அவசரம். இவங்க இவ்வளவு பாத்துப் பாத்து மாட்டறவங்க, ரெண்டாவது தடவை இப்படி மாட்டுவாங்களா?”

“அவங்களேதான் அவசரத்துல மாட்டினாங்கன்னு நான் சொன்னா?” என்றார் மேனேஜர்.

“முத்திரை ஒரு தடவைதான் கிழியும். சனிக்கிழமைக்கு அப்புறம் யார் திறந்தாலும் பழி இவங்க மேலதான். அது தெரிஞ்ச ஒருத்தர் திறந்திருக்கார். அவர் ஒரு ஸ்க்ரூவைத் தொலைச்சிருக்கார்.” வெள்ளைத் திருகாணியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். “டைரி அவங்களோடது. இது யாரோடது?”

டெக்னீஷியன் கண்ணருகே வைத்துப் பார்த்தார். “ரெண்டாவது செட்டோடது. இந்த மெஷினுக்கு மறுவருஷம் வாங்கின லேப்டாப்புங்க. அளவு ஒண்ணுதான், தலை மட்டும் வெள்ளை. ஹால்ல அஞ்சு மெஷின் இருக்கு.”

பட்டாசு இதற்குள் அவருடைய பெட்டியைத் திறந்துவிட்டாள். ஓர் அறை நிறையக் கறுப்புத் திருகாணி. பக்கத்து அறை நிறைய வெள்ளை.

“இவர் இல்ல சார். இவர் எடுத்திருந்தா கறுப்பே போட்டு மூடியிருப்பார். கிலோ கணக்குல வச்சிருக்கார்.”

“நன்றிம்மா,” என்றார் டெக்னீஷியன் உண்மையான நிம்மதியோடு.

“நன்றி எல்லாம் வேண்டாம். அவங்க ஆறு மாசம் முன்னாடி எழுதிக் குடுத்த லெட்டர் எங்க?”

டெக்னீஷியன் பெட்டியின் அடியறையைத் திறந்து பார்த்தார். அங்கேதான் இருந்தது, நாலாக மடித்து.

“இதை அன்னைக்கே பிரிச்சிருந்தா நாம யாருமே இங்க வந்திருக்க வேண்டாம்,” என்றாள் பட்டாசு. “ஆமா, இந்த ஸ்க்ரூடிரைவரை ஒரு மணி நேரம் கடன் குடுங்க. முனை காந்தமா இருக்கு, நல்லா இருக்கு.”

*

ஹாலில் ஐந்து மெஷின்கள், ஐந்து பேர். ஃபோர்மேன் எழுந்து வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். சட்டைப் பையில் மூன்று பேனா. தங்கையைப் போலவே முதுகு சாயாமல் நின்றார். கண்களுக்குக் கீழே மட்டும் தூக்கமில்லாத கறுப்பு.

“தங்கச்சிக்காக என்ன வேணாலும் செய்யறேன் சார். எல்லா மெஷினையும் பாத்துக்கோங்க.”

“அறிவியல் தாள் உங்க பார்வைக்கு வருமா?”

“வரக்கூடாது. என் பொண்ணு இந்த வருஷம் எழுதறா. வீட்ல யாராவது எழுதினா அந்தத் தாள் பக்கமே போகக் கூடாதுன்னு விதி. நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்.”

சுவரில் கட்டி முடித்த பக்கங்கள் வரிசையாகத் தொங்கின. எந்தப் பக்கத்தின் அடியிலும் வெற்றிடம் இல்லை. எழுத்து முடிந்த இடங்களில் ஒரு சின்னப் பூ, ஒரு கோடு, ஒரு நட்சத்திரம்.

“இந்தப் பூ எதுக்கு?” என்றாள் பட்டாசு.

“கீழ ரெண்டு விரக்கடை காலியா நின்னுதும்மா. காலி விட்டா படிக்கறவன் கண்ணு அங்கேதான் போகும். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதுசுல காலி இடம் விட்டா கை மேல அடி விழும்.”

“எங்க சார் எழுதற ரிப்போர்ட்ல பாதி காலியாத்தான் இருக்கும். உங்ககிட்ட அனுப்பி வைக்கிறேன், பூந்தோட்டமே போடலாம்.”

ஃபோர்மேன் சிரித்தார். களைத்த சிரிப்பு. ஐந்து மெஷின்களையும் அவரே ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தார். நிதானத்தின் கணக்கு எளிமையானது. வெள்ளைத் திருகாணி எந்த மெஷினிலிருந்து போயிருக்கிறதோ, அந்த மெஷினில் ஓர் ஓட்டை இருக்க வேண்டும்.

பட்டாசு எண்ணினாள். ஒன்பது. ஒன்பது. ஒன்பது. ஒன்பது. ஒன்பது.

மறுபடியும் எண்ணினாள். ஓட்டை எங்கேயும் இல்லை.

வாசலில் மேனேஜர் வந்து நின்றார். “மூணு இருபத்தஞ்சு,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். டைரி அக்கா கதவோரம் நின்றிருந்தாள். அவள் மெஷின்களைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கப்பல் கவுந்துடுச்சு சார்,” என்றாள் பட்டாசு தாழ்ந்த குரலில். “வேற எங்கேயோ கிடந்த ஸ்க்ரூவை எடுத்துப் போட்டிருப்பாங்க போல.”

நிதானம் அருகில் கிடந்த நாற்காலியில் சரிந்தார். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. கண்ணை மூடினார். மூடியபோது சுவரிலிருந்த பூக்கள் இமைக்குள் தெரிந்தன. கண்ணைத் திறந்தார்.

“அந்த ஸ்க்ரூடிரைவர் முனை காந்தம்னு சொன்னியே?”

“ஆமா.”

“ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலயும் தொட்டுப் பாரு.”

பட்டாசு தொட்டாள். முனை ஒவ்வொரு தலையையும் சின்ன முத்தம் போல இழுத்து ஒட்டி விடுபட்டது. டிக். டிக். டிக். முதல் மெஷின், இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. ஐந்தாவதில் எட்டு முறை டிக். ஒன்பதாவதில் சத்தம் வரவில்லை.

மறுபடியும் தொட்டாள். காந்தம் சும்மா இருந்தது.

நகத்தால் நெம்பினாள். மிளகளவு வெள்ளி உருண்டை ஒன்று மேசையில் உருண்டது. தலையில் பேனா முனையால் கீறிய கூட்டல் குறிகூட இருந்தது. அவ்வளவு நேர்த்தி. பிரித்தாள். மாத்திரை அட்டையின் பின்பக்க வெள்ளித்தாள். காய்ச்சல் மாத்திரை.

அது யாருடைய மெஷின் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“மத்தவங்க எல்லாம் போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க,” என்றார் நிதானம்.

நாலு பேரும் எழுந்து போனார்கள். அண்ணனும் தங்கையும் இருந்த இடத்திலேயே நின்றார்கள்.

“உங்க தங்கச்சி மெஷின்ல அந்த ஓட்டையை அப்படியே விட்டிருக்கலாம்,” என்றார் நிதானம். கோபமே இல்லாத குரல். “அவங்களே ஒண்ணைத் தொலைச்சிருப்பாங்கன்னு நெனச்சிருப்போம். இல்ல, உங்க மெஷின் ஓட்டையையாவது விட்டிருக்கலாம். தானா கழண்டு விழுந்துடுச்சுன்னு சொல்லியிருக்கலாம்.”

ஃபோர்மேன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். “கறுப்பு ஸ்க்ரூ எங்கேயோ உருண்டுடுச்சு சார். தரையில முட்டி போட்டு அரை மணி தேடினேன். கிடைக்கல. அப்படியே மூடி வச்சுட்டு வீட்டுக்குப் போகப் பாத்தேன். வாசல் வரைக்கும் போனேன். முடியல. திரும்பி வந்து என்னோடதைக் கழட்டிப் போட்டேன். அப்புறம் என் மெஷின்ல ஒரு ஓட்டை. அது என்னையே பாத்துட்டு இருந்துது.”

“உங்க பொண்ணுக்குத் தெரியுமா?”

“தெரியாது. மாதிரித் தாள்னு சொல்லித்தான் குடுத்தேன். மூணாவது தடவை எழுதறா சார். ரெண்டு தடவையும் அறிவியல்ல போச்சு. வீட்ல சாப்பாட்டுத் தட்டு சத்தம் தவிர வேற சத்தம் கேட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. ஒரு தடவை தாண்டிட்டாப் போதும்னு... அவ அதைச் சிநேகிதிகளுக்கு அனுப்புவான்னு நான் நெனைக்கல.”

“தங்கச்சி மாட்டுவாங்கன்னு நெனச்சீங்களா?” என்று கேட்டாள் பட்டாசு. அவள் குரலில் பொறி இல்லை.

“முத்திரை கிழிக்க நான்தானே அனுமதி குடுத்தேன். அதை எடுத்துச் சொன்னா விட்டுடுவாங்கன்னு நெனச்சேன்.”

“விடல.”

“விடலம்மா.”

நிதானம் கதவோரம் திரும்பினார். “அம்மா, நீங்க எனக்கு எழுதின கடுதாசியில பதினாலு பத்தி. மெஷின் எத்தனை மணிக்கு இழுத்துச்சுன்னு இருக்கு. கடைக்காரர் என்ன சொன்னார்னு இருக்கு. யார் மேல சந்தேகம்னு ஒரு வரி இல்ல. வியாழன் ஆறு மணிக்கு என்ன நடந்துது?”

டைரி அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். இந்த முறை துடைக்கவில்லை.

“போன் பண்ணா சார். அண்ணன் பொண்ணு. அத்தை, காய்ச்சல் விட்டுடுச்சு, அப்பா ஒரு மாதிரித் தாள் குடுத்தார், போட்டுப் பாத்துட்டிருக்கேன்னா. அப்புறம் சிரிச்சா. இதுல பதினேழு ரெண்டு தடவை வருது அத்தை, உங்களை மாதிரி ஒருத்தங்க தூங்கிட்டே அடிச்சிருக்காங்கன்னு...”

ஃபோர்மேன் நாற்காலியிலிருந்து கையை எடுத்தார்.

“அப்ப வியாழக்கிழமையே உனக்குத் தெரியும்,” என்றார் அண்ணன்.

“தெரியும்.”

“நாலு நாளா அந்த அறையில உன்னை நிக்க வச்சுக் கேட்டாங்க. நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லலியே.”

“நீ சொல்லுவேன்னு பாத்தேன் அண்ணா,” என்றாள் அவள். “ஒவ்வொரு நாளும் நாற்காலியை நகத்துவே. இப்ப எழுந்திருப்பேன்னு நெனைப்பேன். நீ தண்ணி குடிச்சிட்டு உக்காந்துடுவே.” கொஞ்சம் நிறுத்தினாள். “என் வாயால சொல்ல வரல. அதான் இவங்களுக்கு எழுதினேன். அந்த வியாழக்கிழமை ராத்திரியே நான் வாயைத் திறந்திருந்தா, தாள் உன் வீட்டோட நின்னிருக்கும். அதுவும் எனக்குத் தெரியும்.”

ஃபோர்மேன் சட்டைப் பையிலிருந்த மூன்று பேனாக்களையும் எடுத்து மேசைமேல் ஒன்றுக்கொன்று நேராக வைத்தார்.

“மணி என்ன?”

“மூணு ஐம்பத்திரண்டு,” என்றாள் பட்டாசு.

“நானே போறேன் சார். நீங்க யாரும் கூட வர வேண்டாம்.” கதவருகே நின்றார். தங்கையின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். “பொண்ணுகிட்ட...”

“நான் சொல்லிக்கறேன். நீ போ அண்ணா.”

அவர் போனார். நடைவழியில் செருப்புச் சத்தம் சீராகக் கேட்டது. மேனேஜர் அறைக் கதவு திறந்து மூடியது.

நிதானம் பைக்குள்ளிருந்து காகிதம் எடுத்து அறிக்கை எழுத உட்கார்ந்தார். தேதி போட்டார். அதற்குமேல் கை ஓடவில்லை.

“சார்,” என்றாள் பட்டாசு, வெள்ளித்தாளை நாலாக மடித்துக்கொண்டே. “நம்ம மெஷினுக்கு எவ்வளவு ரேம் வேணும்?”

“நீயே ஒரு வாரம் எழுதிப் பாரு.”

“சரி சார்,” என்றாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் வாயில் அந்த இரண்டு வார்த்தைகள் தனியாக வந்ததை அவர் கேட்டதில்லை.

டைரி அக்கா அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்தாள். மேசைமேலிருந்த மூன்று பேனாக்களில் ஒன்றை எடுத்தாள். நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து, வியாழன் ஆறு மணிக் கட்டத்தில் எழுதத் தொடங்கினாள். கட்டம் சின்னது. எழுத்தைப் பொடியாக்கி, ஓரத்துக்கும் இறங்கி, கூப்பிட்டது யார், என்ன சொன்னாள், தான் என்ன சொல்லாமல் போனை வைத்தாள் என்று எல்லாவற்றையும் எழுதினாள். மை காயும்வரை ஊதினாள்.

நாலடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. உள்ளே அண்ணனின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. நோட்டுப் புத்தகத்தை மார்போடு பிடித்துக்கொண்டு நடைவழியில் நடந்துபோய், மேனேஜர் அறைக் கதவைத் தட்டினாள்.